பூ முழுங்கிய மீன்கள்

மூன்றாவது தடவையாக ஆரோக்கியமேரி அதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

ஆம்பூர்த் தெருக்கள் தோல் கம்பெனிச் சங்கை வைத்துக் கடிகாரம் திருப்பிக்கொண்ட காலம் அது. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், ரெண்டு மணிச் சங்குக்கு எதிர்வீட்டு தேவானந்தம் சாப்பிட்டுக் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. லாரி டிரைவர் மஹபூப் பாஷா பின்பக்கமாக வந்தார். தேவானந்தத்தின் மனைவி லில்லி கதவைப் பாதி திறந்து, ஈரக் கோணியில் சுற்றிய எதையோ வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கடல் தண்ணீர் கேன் என்றால் பாஷா முன்வாசலிலேயே இறக்குவார். கம்பெனித் தோலை மெட்ராஸ் ஹார்பரில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, தேவானந்தம் வீட்டு மீன் தொட்டிக்கு அவர் தண்ணீர் பிடித்து வருவது தெருவுக்கே தெரியும். அப்புறம் பின்வாசலில் என்ன வேலை?

மேரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. தேவானந்தம் எப்பேர்ப்பட்ட மனுஷன்! புதன்கிழமை சாயங்காலம் லில்லி ஜெபக்கூட்டத்துக்குப் போனதும், ஜன்னலோரம் பைபிளைப் பிரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி படிப்பார். லில்லிக்குப் பின்னாலேயே கூட்டத்துக்குக் கிளம்பும்போது பார்க்கிற அந்த பக்தியைத் தன் வீட்டுக்காரரிடம் மேரி சொல்லிக்காட்டாத நாளில்லை. அப்படிப்பட்டவருக்கா இந்த துரோகம்?

அந்தப் புதன்கிழமை தலைவலி என்று ஜெபக்கூட்டத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

தேவானந்தம் பைபிளை மூடினார். "சொல்லு மேரி."

மென்று முழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். அவருக்குக் கோபமே வரவில்லை. பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து, அவளை மீன் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார்.

அவருடைய மகன் வில்சன் காலேஜில் விலங்கியல் படித்தபோது வைத்த தொட்டி. "சித்தி, வந்து பாருங்க சித்தி" என்று, மாவு பிசைந்துகொண்டிருக்கும் மேரியை அப்படியே இழுத்து வந்து காட்டுவான். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சுக் கோமாளி மீன் ரெண்டு. அடியில் பூ மாதிரி விரிந்து ஆடும் கடல் சாமந்தி. மற்ற மீன்களைக் கொட்டிப் பிடித்து விழுங்குகிற அந்தப் பூ, இந்த மீனுக்கு மட்டும் மெத்தை.

அப்பா சொல்லிவைத்த கம்பெனி வேலையை உதறிவிட்டு, ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் மீன் பண்ணை வேலைக்குப் போனான் வில்சன். எண்பதாம் வருஷம். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே! ஒரு வரி லெட்டர் வரக்கூடாது, போகவும் கூடாது!" என்று தேவானந்தம் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. லில்லியிடம் சத்தியமே வாங்கிவிட்டார். அதாயிற்று மூணு வருஷம். அந்தப் பையன் இல்லாத தெரு மேரிக்கு இன்னமும் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

"சின்ன மீனைப் பாரு. பூ கிட்ட போவுது, தொடுது, பயந்து ஓடியாருது."

"ஆமாண்ணே."

"புதுசு. கொட்டுமோன்னு பயம். தொட்டுத் தொட்டுப் பழகி, நாலு நாள்ல உள்ள போய்ப் படுத்துக்கும். திங்கட்கெழமை தண்ணிப் பையில போட்டுக் கோணி சுத்தி பாஷா கொண்டாந்தது இதான். வில்சன் ரயில்ல அனுப்பறான், இவரு எக்மோர்ல வாங்கியாறாரு. நீ பாத்த மூணு தடவையும் மீனுதான்."

தான் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று மேரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அண்ணி அதே பழைய மீனுன்னு இல்ல சொல்றாங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு! முப்பது வருஷமா தோல் தரம் பிரிக்கிறவன் நான். ஆயிரம் தோல்ல நேத்து பாத்த கீறலை இன்னிக்கு எடுத்துக் காட்டுவேன். மீனு மேல பட்டை மாறினது தெரியாதா?"

"வாஸ்தவம்தான். பாவம், மீனுதான் அடிக்கடி போய்டுது போல."

"பூ முழுங்கிடுச்சுன்னு லில்லி நெனச்சுக்கினு இருக்கா." அவர் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஒண்ணும் முழுங்கல. பாகாயத்துல அவனோட வாத்தியார் வீட்டுத் தொட்டியில மூணு மீனும் சண்டை போட்டுக்கினு ஜம்முனு இருக்குது. பிரஷர் பாக்க வேலூர் போறப்போ, தூக்குல தண்ணி ஊத்தி நான்தான் கொண்டுபோய் வுட்டேன்."

"இன்னாண்ணே இது! எதுக்கு?"

தேவானந்தம் தொட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "சத்தியம் பண்ணவ சும்மா லெட்டர் போடமாட்டா. புள்ளையோட மீனு காணோம்னாத்தான் பயந்துபோய் அவனுக்கு எழுதுவா. எழுதினாத்தானே மீனோட அவனும் ரெண்டு வரி எழுதி அனுப்புவான்."

"அனுப்பி இன்னா பிரயோஜனம்? அதை அண்ணி உங்க கண்ணுலயா காட்டப்போறாங்க?"

அவர் கக்கத்திலிருந்த பைபிளை எடுத்துப் பிரித்தார். உள்ளே, நாலாக மடித்த நோட்டுத் தாள்கள் மூன்று. பழைய இரண்டிலும் மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

"நான் தொடவே தொடாத புஸ்தகம்னு, லில்லி இதுக்குள்ளதான் ஒளிச்சு வெக்கிறா."