செய்தி நேரத்து நடை

ராணுவச் சட்டம் போட்ட அந்தக் குளிர்காலத்தில், தலைநகர் வார்சாவிலிருந்து ஆளுங்கட்சியின் தொலைக்காட்சிச் செய்தி தொடங்கியதும் ஊரே நடக்கக் கிளம்பிவிடும். தொலைக்காட்சிப் பெட்டியை ஜன்னலில் தெருப்பக்கம் திருப்பி ஓடவிட்டுவிட்டுத்தான் போவார்கள். நாங்கள் பார்க்க மாட்டோம், பொய்யைத் தெருக்கல் கேட்டுக்கொள்ளட்டும் என்று.

ஜட்விகா ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் குனிந்த தலை நிமிராமல்தான் நடப்பாள்.

தெருமுனையில் போலீஸ்காரர் மறித்தார். “மத்தவங்க சரி. நீங்க ஏம்மா இந்தக் கூட்டத்துல?”

“டாக்டர் நடக்கச் சொன்னாரு.”

“ஊருக்கே சொன்னாராக்கும்?”

“கைராசியான டாக்டர், தம்பி.”

அப்போது பக்கத்து வீட்டு வாண்டா அவள் தோளைத் தொட்டாள். “அக்கா, ஜன்னலப் பாருங்க.”

“நான் பாக்கறதில்லன்னு உனக்குத் தெரியாதா?”

“இன்னிக்கு ஒருநாள் பாருங்க.”

ஜட்விகா நிமிர்ந்தாள். ராணுவச் சீருடையில் யாரோ ஒரு வழுக்கைத்தலையர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஜன்னலிலும் அவரேதான்.

“அப்ப என் மகன் எங்கே?”

“இங்கதாம்மா இருக்கேன்.”

நாடே தினமும் கேட்ட குரல். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. கையில் பயணப்பெட்டியோடு மாரெக் நின்றிருந்தான்.

“இனிமே வாசிக்க மாட்டேன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டேன். வேலை போச்சு.”

ஜட்விகா அவன் கையைக் கோத்துக்கொண்டாள். தலை குனியாமல் போலீஸ்காரரைப் பார்த்தாள்.

“வழி விடுங்க தம்பி. இவனையும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு.”