ஒரு வாய் தின்னாத மோட்டார்

மின்மோட்டார் பிறந்த புதிதில் அதற்கு வாய் அதிகம். பட்டறையில் பக்கத்தில் நின்ற நீராவி எஞ்சினைப் பார்த்து முகம் சுளித்தது.

"எந்நேரமும் கரியத் தின்னுட்டு, புகையக் கக்கிட்டு, இதெல்லாம் ஒரு பொழப்பா? நான் ஒரு வாய் தின்னாமச் சுத்தறேன் பாரு."

அதற்குக் கரன்ட் கொடுக்கும் பேட்டரிக்குள், அமிலத்தில் கரைந்துகொண்டிருந்த துத்தநாகத் தகடு முனகியது. "ஐயா, என்னைத்தானே தின்னுட்டு இருக்கீங்க..."

"பெரியவங்க பேசறப்போ குறுக்கே பேசாதே!" என்று அதட்டியது மோட்டார்.

தகட்டின் கடைசித் துணுக்கும் கரைந்தது. மோட்டார் நின்றது.

"என்னப்பா, பசியா?" என்று கேட்டது எஞ்சின்.

"பசியா, எனக்கா? இன்னிக்கு விரதம்."

மறுநாள் பேட்டரிக்குள் புதுத் தகடு இறக்கினார்கள். மோட்டார் ஜம்மென்று சுற்றியது.

"பார்த்தியா, விரதத்தோட மகிமைய!"