தகவலாளி எண் ஏழு

"பேரைச் சொல்லு. இல்லேன்னா ஃபெயில்" என்றார் சித்தாந்தச் செம்மல் முனைவர் ஞானவடிவேல்.

சுடர்விழி சொல்லவில்லை.

பி.ஏ. சமயவியல், மூன்றாம் ஆண்டு வாய்மொழித் தேர்வு. தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் முதல் மாடி. மேசைமேல் அவளுடைய அறுபத்திரண்டு பக்க ஆய்வேடு: 'ஒரத்தநாட்டு வட்டாரத்தில் வீரனார் வழிபாடு'. எதிரே வெளித்தேர்வாளராக வந்திருந்த முனைவர். அவருக்குப் பக்கத்தில் துறைத்தலைவர் நஜ்மா மேடம், முந்திரி பக்கோடாத் தட்டை அவர் பக்கமாக நகர்த்தியபடி.

முனைவர் தன்னைப் பற்றிய அறிமுகத்தைத் தானே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். ஒன்றரைப் பக்கம். நஜ்மா மேடம் அதை வாசித்து, பட்டங்களையெல்லாம் தாண்டிப் பெயருக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிப்போயிற்று.

முதலில் அவருக்கு வீரனாரே பிடிக்கவில்லை. இது சமயமே இல்லை, வெறும் பழக்கவழக்கம் என்றார். இதில் பதி எங்கே, பசு எங்கே, பாசம் எங்கே என்று விரல்விட்டுக் கேட்டார்.

"பசு இல்லீங்கய்யா. கிடாதான்."

நஜ்மா மேடம் இருமினார்.

அதற்குப் பிறகுதான் நாற்பத்தொன்றாம் பக்கம் வந்தது. முனைவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, மேடையில் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

'தகவலாளி எண் ஏழு. படித்த குடும்பத்துப் பெண். கணவரின் முனைவர் பட்டம் இழுபறியில் இருந்தபோது, பிறந்த வீட்டுக் குலசாமியான வீரனாருக்குக் கிடா நேர்ந்துகொண்டார். பட்டம் கிடைத்ததும் வந்து செலுத்தினார். வெட்டிய கறியைக் கோயில் எல்லையைத் தாண்டி எடுத்துப்போகக் கூடாது என்பது இங்கு வழக்கம். ஆகவே புளியமரத்தடியில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கணவருக்கு இன்றுவரை தெரியாது.'

முனைவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கிடா வெட்டி டாக்டர் பட்டமா! எவன்மா அந்த முண்டம்? பேரைக் கொடு. பட்டத்தை ரத்து பண்ணச் சொல்லி யுனிவர்சிட்டிக்கு நானே எழுதிப் போடறேன்."

சிரித்து முடித்ததும் சந்தேகம் வந்தது. அப்படி ஒரு பெண்ணே கிடையாது, எல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதிய கதை என்று தீர்ப்புச் சொன்னார்.

"இருக்காங்கய்யா. ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க. பேரு வெளிய வராதுன்னு நானும் கீழ போட்டிருக்கேன்."

"காட்டு."

"மாட்டேங்கய்யா."

இந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொல்லிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். வாய்க்குப் பாதி தூரம் போயிருந்த பக்கோடா தட்டுக்கே திரும்பியது.

படிவம் அவள் மடியிலிருந்த பைக்குள்தான் இருந்தது. பெயர், கையெழுத்து, வீட்டு விலாசம் எல்லாம் அதில் உண்டு. ஜிப்பை இழுத்தால் போதும், பாஸ். பாஸ் என்றால் சென்னையில் எம்.ஏ. இடம் கிடைத்த மாதிரி. இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ. நாற்று நடவு நேரம் போக மீதி நேரத்தில் வீரனாருக்குப் பூசை வைக்கிற அவள் அப்பா வீரையன், மகள் சென்னைக்குப் போகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"குடுத்துடேம்மா சுடர். ஒரு பேருதானே" என்றார் நஜ்மா மேடம்.

சுடர்விழி முனைவரின் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தாள். சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"ஃபெயில் போட்டுக்கங்கய்யா. நவம்பர்ல திரும்ப வருவேன். இதே ஆய்வேடு, இதே பக்கம், இதே ஏழாம் நம்பர்."

போட்டார். சிவப்பு மையில். கீழே கையெழுத்தையும் போட்டு, பட்டங்களை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். அவர் பாதி தூரம் போவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

கீழே வேப்ப மரத்தடியில் முனைவரின் வெள்ளைக் கார் நின்றது. பின் கண்ணாடி இறங்கியது. உள்ளே பட்டுப்புடவையில் குந்தவை அம்மாள். முனைவரின் மனைவி.

"ஏ சுடர்! பரீட்சை முடிஞ்சுதா? உங்கப்பாகிட்ட சொல்லி வை, ஆடியில வர்றேன்" என்றவர், டிரைவர் தூரத்தில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டு குரலை இறக்கினார். "இவருக்குத் துணைவேந்தர் பதவி வரணும்னு இன்னொரு கிடா நேர்ந்திருக்கேன்."

"ஃபெயிலும்மா."

"யாரு போட்டா?"

"ஐயாதான். உங்க பேரைக் கேட்டாரு. நான் சொல்லலை."

குந்தவை அம்மாள் முதல் மாடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கிடா நேர்ந்ததைப் படிச்சாரா?"

"சத்தமா படிச்சாரும்மா. அந்த முண்டத்தோட பட்டத்தை ரத்து பண்ணணும்னாரு."

கார்க் கதவு திறந்தது. குந்தவை அம்மாள் இறங்கி, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தார். முதல் படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"உங்கப்பாகிட்ட சொல்லிடு. ரெண்டாவது கிடா வேண்டாம்."