உதைக்கு ஐந்நூறு

“எங்க மாமாவுக்கு ஓட்டத்தான் தெரியும். வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கார். என்கிட்ட மறைக்காம சொல்லுங்க” என்றான் மச்சினன், மோட்டார் சைக்கிளின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி.

மாமா ஷெட்டின் ஓரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல நின்றிருந்தார்.

“மறைக்க என்ன தம்பி இருக்கு?” என்றார் விற்பவர். “ஷோரூம்ல இருந்து நேரா இந்த வீட்டுக்குத்தான் வந்துச்சு. என்னைத் தவிர ஒருத்தர் கை பட்டதில்ல. பொண்டாட்டியைக்கூடத் தொட விட்டதில்ல. இருபத்தெட்டாயிரம், ஒரே விலை.”

“டேங்க்ல பெயிண்ட் வாசனை இன்னும் போகலையே?”

“பார்க்க வர்றவங்களுக்கு லட்சணமா இருக்கட்டுமேன்னு அடிச்சேன்.”

மச்சினன் செயினை விரலால் தூக்கிப் பார்த்தான். டயரில் நகத்தை அழுத்தினான். இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

“ஜில்லுனு இருக்கு, நல்லதாப் போச்சு. சூடான வண்டின்னா எவன் உதைச்சாலும் எடுக்கும். எங்க, ஸ்டார்ட் பண்ணுங்க பார்ப்போம்.”

விற்பவர் சாவியைத் திருகி உதைத்தார். வண்டி இருமியது. மறுபடி உதைத்தார். இருமலும் நின்றுபோனது.

“நாலு நாளா சும்மா நிக்குது, அதான்.”

“உதைக்கு ஐந்நூறு குறைச்சுக்கலாமா அண்ணே?” என்றான் மச்சினன் விளையாட்டாக.

விற்பவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. “சரி, குறைச்சுக்க” என்று ரோஷத்தோடு உதைத்தார். இருபத்தைந்தாயிரத்தில் அவர் சட்டை நனைந்தது. இருபத்துமூன்றில் மச்சினனே ஏறி ஓங்கி உதைத்தான். கிக்கர் திரும்பி வந்து அவன் கெண்டைக்காலில் உதைத்தது. அதுவும் கணக்கில் சேர்ந்தது.

“வாங்க மாமா, போகலாம்” என்றான், காலைத் தேய்த்துக்கொண்டே. “காசு கட்டி ஜிம்முல சேர்றவன் இதை வாங்கட்டும். இதை நம்பிக் கிளம்பினா உங்க வேலை அன்னைக்கே போயிடும்.”

மாமா நகரவில்லை. வண்டி இல்லாத இந்த ஒரு மாதமாக அவர் இரண்டு பஸ் மாறித்தான் அச்சகத்துக்குப் போகிறார். திங்கட்கிழமையும் தாமதமாக வந்தால் மெஷினுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

“நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?” என்றார். வந்ததிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“நீங்களா? கால் பிசகிக்கிச்சுன்னா அக்காவுக்கு யார் பதில் சொல்றது?”

மாமா வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். இடது பக்கமாக நன்றாகச் சாய்த்து, பெட்ரோல் இரண்டு சொட்டு தரையில் விழும்வரை அப்படியே பிடித்திருந்தார். பிறகு நிமிர்த்தி, கிக்கரைப் பாதி அமுக்கி விட்டுவிட்டு, ஒரே உதை உதைத்தார்.

வண்டி எடுத்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. மச்சினன் காலைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

“பார்த்தியா! பார்த்தியா தம்பி!” விற்பவருக்கு உயிர் வந்துவிட்டது. “வண்டியில ஒரு குத்தமும் இல்ல, உதைக்கிறவங்ககிட்டதான் குத்தம். மறுபடி இருபத்தெட்டு! ஒரு பைசா குறைக்க மாட்டேன்.”

மாமா ஏறி உட்கார்ந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விற்பவருக்கு ஆவல் தாங்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ஆனாலும் சார், எனக்கே பிடிபடாத வித்தை இது. உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?”

“போன மாசம் வரைக்கும் தினமும் இதை நான்தானே சார் ஓட்டினேன்.”