பன்னிரண்டாவது தோல்

எங்கள் பேரூராட்சியில் குப்பையே கிடையாது. காக்கைகள் பட்டினி தாங்காமல் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முப்பிடாதியின் வேலை. முப்பது வருடமாய்த் தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் பெருக்குகிறவள். அவளுக்கு ஒரு பேட்டரி வண்டி வாங்க அரசு நிதி கேட்டு எழுதினோம். பார்வையிட அதிகாரி வந்தார்.

"குப்பை போட்டோ இல்லாம நிதி ஒதுக்க முடியாதுங்க."

ஊரை மூன்று சுற்று சுற்றியும் ஒரு காகிதத் துணுக்குகூட அகப்படவில்லை. மனுஷர் இரக்கப்பட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, ஒன்றை உரித்துத் தின்று, தோலை நடுத்தெருவில் வைத்தார். கிட்டத்தில் குனிந்து போட்டோ எடுத்தால் மலையாகத் தெரியுமாம். செல்போனை நீட்டுவதற்குள் தோல் முப்பிடாதியின் கையில்.

"ஏ முப்பிடாதி, உன் வண்டிக்குத்தான் போட்டோ எடுக்காரு! கீழ போடு!" என்று கத்தினேன்.

"தெரியும் அண்ணாச்சி. கை கேக்க மாட்டேங்கு."

பதினோராவது தோலும் அப்படியே போயிற்று. கடைசித் தோலைத் தரையில் வைத்துவிட்டு, அதிகாரி அவளைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். அவள் தன் வலக்கையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கை ஜெயிக்கும் என்று எங்கள் ஊரில் ஒருவரும் பந்தயம் கட்டவில்லை.