நட்சத்திரங்களின் மேஜைகள்

வருஷாவருஷம் நடக்கும் நட்சத்திர வீரர்களின் காட்சிக் கால்பந்தாட்டத்தில், காயத்துக்குப் பயந்து யாரும் மனசு வைத்து ஆடுவதில்லை. அதனால் அந்த வருஷம் ஆட்டத்தையே கைவிட்டு, மைதானத்தில் ஆளுக்கொரு மேஜை போட்டு, ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட உட்காரவைத்தார்கள். கோல் அடிப்பவர்களின் முன்னால் வரிசை வாசல்வரை நீண்டது. தடுப்பாட்டக்காரன் ரொசாரியோவிடம் யாரும் வரவில்லை. அவன் பக்கத்து வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் சாய்ந்தபோது ஒருவன் விந்தி விந்தி வந்தான். கலைவாணன். ஒரு லீக் ஆட்டத்தில் ரொசாரியோ குறுக்கே பாய்ந்து தடுத்ததில் முட்டி உடைந்து, அதோடு கால்பந்தையே விட்டவன்.

“நல்லாருக்கியா?” என்றான் ரொசாரியோ.

“இருக்கேன்.”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த கலைவாணன், பேண்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டி, காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். முட்டியைச் சுற்றித் தையல் தழும்பு ஓடியது.

“இதுல போடு.”

“எதுக்குடா?”

“யார் பண்ணதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. உன் பேரைச் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க.”

ரொசாரியோ அவன் முகத்தைப் பார்த்தான். கோபம் எதுவும் தெரியவில்லை. கலைவாணனின் கால் ஆடாமலிருக்க இடது கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு பேனாவை எடுத்தான். பேனா முனை தோலில் பட்டது.

“மெதுவா,” என்றான் கலைவாணன்.