கொண்டைக்குருவியின் மூன்று முட்டைகள்

பதினோரு நாளாக மரிய ஜோசப் தன் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கவில்லை. பந்தலில் இருந்த கொண்டைக்குருவி முட்டைகள் பொரியட்டும், ஓடு ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று மாணவி எப்சிபா கேட்டிருந்தாள். அதற்குள் குலையெல்லாம் சாம்பல் நோய் பூத்துவிட்டது.

இன்று கூட்டில் குஞ்சுகள் இல்லை; உடைந்த ஓடுகள்தான் கிடந்தன.

"குருவிக்குத் தோட்டத்தையே எழுதி வச்சுட்டீகளான்னு எம்பொண்டாட்டி ஏசுறா. முன்னாடி அடிச்ச மருந்துதான் முட்டை ஓட்டை மெலிசாக்கிருச்சா, தாயி? பாவம் பண்ணிட்டனே!"

எப்சிபா ஒரு துண்டை எடுத்து அளந்தாள். கனம் சரியாகவே இருந்தது.

"மருந்து இல்லைங்கய்யா. காக்கா கொத்தியிருக்கு."

"அம்புட்டு இலைக்குள்ள இருந்த கூடு காக்கா கண்ணுல எப்படிப் பட்டுச்சு?"

எப்சிபா செல்போனைப் பார்த்தாள். நேற்று எடுத்த படத்தில் மூன்று முட்டைகளும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

"படம் தெளிவா விழணும்னு இலையைக் கிள்ளிப் போட்டது நான்தாங்கய்யா."